எக்ஸ்பி, விண்டோஸ் 7, பழைய பாஸ் லினக்ஸ்: மூன்றிலும் ஓடும்படி ஒரே மொய்ப் புரோகிராமை எப்படி பில்ட் செய்வது?

புதுவயல் மொய்மேசை:

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் புதுவயலில் இருந்து எழுதுகிறேன். மொய் எழுதுவது எங்கள் குடும்பத் தொழில். அப்பா முப்பது வருஷம் நோட்டில் எழுதினார். நான் ஆறு வருஷமாகக் கம்ப்யூட்டரில் எழுதுகிறேன், புரோகிராமும் நானே போட்டது. ஊர், பெயர், தொகை மூன்றையும் அடித்தால் மொய் செய்தவர் கையில் உடனே ரசீது. ராத்திரி எல்லா மேசைக் கணக்கையும் பென்டிரைவில் எடுத்து ஒன்றாகச் சேர்த்து, விடிவதற்குள் வீட்டுக்காரர் கையில் ஊர்வாரியாக அச்சடித்த புத்தகம். பத்து வருஷம் கழித்து அந்த ஊரில் ஒரு காதுகுத்து வந்தால் இந்தப் புத்தகத்தைப் புரட்டித்தான் திருப்பிச் செய்வார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டுக்கே தலைகுனிவு.

கல்யாணத்துக்கு இரண்டு மேசை போதும். ஆடியில் வரும் மொய் விருந்துக்குத்தான் திண்டாட்டம். பல வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவார்கள். ஏழெட்டு மேசை வேண்டும். என்னிடம் இருப்பது மூன்று லேப்டாப். வருஷத்தில் நாலைந்து நாளுக்காக இன்னும் ஐந்து வாங்க எனக்குக் கட்டுபடியாகாது. சித்தப்பா வீடு, மச்சான் வீடு, கூடப் படித்தவன் வீடு என்று இரவல் வாங்கித்தான் ஓட்டுகிறோம். அதில் இரண்டு எக்ஸ்பி, இரண்டு விண்டோஸ் 7, ஒன்று 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் தங்கைக்குக் கிடைத்தது. அந்த லேப்டாப்பில் விண்டோஸ் பக்கம் எழும்புவதில்லை, கூடவே போட்டுக் கொடுத்த பாஸ் லினக்ஸ் மட்டும் நன்றாக ஓடுகிறது.

போன வருஷம் வரை பழைய கம்பைலரில் செய்த எக்ஸ்இ ஒன்று எக்ஸ்பியிலும் ஓடியது. இந்த வருஷம் புது லேப்டாப்பில் உபுண்டு 24.04 போட்டு, சி++ மொழி, திரைகளுக்கு டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் 3.2, கணக்கைச் சேமிக்க எஸ்க்யூலைட் வைத்து எல்லாவற்றையும் திருத்தி எழுதினேன். விண்டோஸுக்கு மிங்கிடபிள்யூ-டபிள்யூ64 என்ற கம்பைலர் கொண்டு உபுண்டுவிலேயே கம்பைல் செய்கிறேன். திருத்தி எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. போன வருஷப் புத்தகத்தில் கோட்டையூர் இரண்டு தலைப்பில் வந்துவிட்டது. முப்பத்தெட்டு பேர் ஒரு கோட்டையூரில், பதினோரு பேர் இன்னொரு கோட்டையூரில். இரண்டும் கண்ணுக்கு ஒன்றேதான். வேறு வேறு கீபோர்டில் அடித்ததால் உள்ளே இருக்கும் யூனிகோடு எழுத்து வேறு என்று பிறகு தெரிந்தது. அதைச் சரிசெய்ய, எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் விண்டோஸின் நார்மலைஸ்ஸ்ட்ரிங் ஃபங்ஷனைச் சேர்த்தேன்.

இப்போது நடப்பது: விண்டோஸ் 7-இல் ஓடுகிறது. முதல் எக்ஸ்பியில் கெட்டிக்கவுன்ட்64 என்ற ஃபங்ஷன் பெயர் விண்டோஸின் கெர்னல்32 டிஎல்எல்லில் இல்லை என்று சொல்லித் திறக்கவே மறுத்தது. அதைப் பழைய கெட்டிக்கவுன்ட்டாக மாற்றியதும் திறந்துவிட்டது. அதே ஃபைலை இரண்டாவது எக்ஸ்பியில் போட்டால் நார்மலைஸ்ஸ்ட்ரிங் இருக்கும் நார்மலிஸ் டிஎல்எல் காணோம் என்கிறது. இரண்டும் சர்வீஸ் பேக் 3, நானே பார்த்தேன். பாஸ் லினக்ஸில், லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.34 இல்லை என்று நின்றுவிடுகிறது.

'இந்த ஓஎஸ் என்றால் இந்தக் கோடு' என்று பிரிக்கும் இஃப்டெஃப்பை ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் போட ஆரம்பித்து நாற்பது இடம் ஆகிவிட்டது. ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கிறது. இதற்கு முறையான வழி என்ன? மூன்று வாரத்தில் விருந்து.

செக்காலை:

பிரதர், ஒரு லேப்டாப்பை சர்வராக வைத்துவிட்டு மற்றதில் எல்லாம் பிரவுசரில் திறக்கும்படி செய்தால் ஓஎஸ் தொல்லையே இல்லையே?

புதுவயல் மொய்மேசை:

யோசித்தேன் அண்ணே. எக்ஸ்பிக்குக் கடைசியாக வந்தது குரோம் 49, ஃபயர்ஃபாக்ஸ் 52. பக்கத்தை அதற்கேற்ற மாதிரி எழுதிவிடலாம்தான். ஆனால் பந்தலில் ஜெனரேட்டர் மாற்றும்போது ஒரு நிமிஷம் கரண்ட் போகும், வைஃபை பெட்டி அணைந்துவிடும். அந்த ஒரு நிமிஷம் எட்டு மேசையும் நிற்கும். சாப்பிட்டுவிட்டுக் கையில் பணத்தோடு வரிசையில் நிற்பவரைக் காக்க வைக்கக் கூடாது. ஒவ்வொரு மேசையும் தன் காலில் நிற்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

தேவகோட்டை ரஸ்தா:

தம்பி, அந்தப் பிடிவாதம் சரி. விடாதீர்கள்.

நான் 1992-இல் வேலைக்குச் சேர்ந்தேன். சென்னையில் ஒரு கம்பெனி, வேலையின் பெயர் போர்ட்டிங். ஒரே கணக்குப் புரோகிராமை சன்ஓஎஸ், சோலாரிஸ், ஹெச்பி-யூஎக்ஸ், ஏஐஎக்ஸ் என்ற யூனிக்ஸ் ஓஎஸ்கள் எல்லாவற்றிலும் ஓட வைக்க வேண்டும். பதினெட்டு வருஷம் அதைத்தான் செய்தேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். உங்கள் நாற்பது இஃப்டெஃப்பைப் படித்ததும் என் பழைய மேசை கண் முன்னால் வந்து நின்றது. இன்றோடு அதை நிறுத்துங்கள். ஏன் என்று ஒரு கதையோடு சொல்கிறேன், அப்போதுதான் மனசில் நிற்கும்.

சியில் ஸ்பிரின்ட்எஃப் இருக்கிறதல்லவா, அது எத்தனை எழுத்து எழுதியது என்ற எண்ணைத் திருப்பித் தரும். நாங்கள் பில் வரியை அப்படித்தான் கட்டினோம்: எழுது, திரும்பி வரும் எண்ணை இடத்தோடு கூட்டு, அங்கிருந்து அடுத்ததை எழுது. சன்ஓஎஸ் 4 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வழி வந்தது. அதில் ஸ்பிரின்ட்எஃப் எண்ணைத் தராது, எழுதிய இடத்தின் முகவரியைத் தரும். எண் என்று நினைத்து முகவரியைக் கூட்டினால் என்ன ஆகும்? அடுத்த வரியிலேயே கோர் டம்ப், புரோகிராம் விழுந்துவிடும். நான் இஃப்டெஃப் சன் என்று போட்டு, வருவது முகவரி என்று வைத்துக்கொண்டு அதன்மேல் நீளம் அளக்கும் ஸ்ட்ர்லென் எடுத்து எழுதினேன். வேலை செய்தது. மறு வருஷம் சோலாரிஸ் வந்தது. அங்கேயும் கம்பைலர் 'சன்' என்ற அதே மேக்ரோவைத்தான், அதாவது இஃப்டெஃப் பார்க்கும் பெயரைத்தான் வைக்கும். ஆனால் அங்கே ஸ்பிரின்ட்எஃப் எண்ணைத் தரும். என் கோடு அந்த எண்ணை முகவரியாக எடுத்துக்கொண்டு ஸ்ட்ர்லென் செய்யப் போய் மறுபடியும் விழுந்தது. பெயர் ஒன்று, குணம் வேறு. வாடிக்கையாளர் இடத்தில், மாசக் கடைசியில், பில் போடும் நேரத்தில் விழுந்தது. அந்த ராத்திரி நான் தூங்கவில்லை.

அப்புறம்தான் ஆட்டோகான்ஃப் பக்கம் போனோம். டேவிட் மெக்கென்ஸி 1991-இல் தொடங்கியது. அதன் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் 'நீ யார்' என்று கேட்பதைவிட 'உன்னால் இது முடியுமா' என்று கேட்பதற்காகவே செய்யப்பட்டது. நாலு வரிப் புரோகிராம் ஒன்றை எழுதிக் கம்பைல் செய்து பார்க்கும், லிங்க் ஆகிறதா பார்க்கும், தேவைப்பட்டால் ஓட்டியும் பார்க்கும். கிடைத்த பதிலை கான்ஃபிக் டாட் ஹெச்சில் எழுதி வைக்கும். உங்கள் கோடு அந்தப் பதிலை மட்டும் பார்த்தால் போதும். சோலாரிஸில் நெட்வொர்க் கோடுக்கு சாக்கெட், என்எஸ்எல் என்று இரண்டு லைப்ரரி தனியாகச் சேர்க்க வேண்டும். ஹெச்பி-யூஎக்ஸோடு சும்மா வரும் கம்பைலருக்குப் புதுப் பாணி சி புரியாது. ஏஐஎக்ஸில் ஷேர்டு லைப்ரரியே டாட் ஏ ஃபைலுக்குள் உட்கார்ந்திருக்கும். இத்தனை குணத்தையும் நான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை, கான்ஃபிகர் கேட்டுத் தெரிந்துகொண்டது.

உங்கள் இரண்டு எக்ஸ்பியும் இதே கதைதான். பெயர் கேட்டால் இரண்டும் சர்வீஸ் பேக் 3 என்று ஒரே பதில் சொல்லும். நார்மலைஸ்ஸ்ட்ரிங் விஸ்டாவில்தான் ஓஎஸ்ஸின் பகுதியாக வந்தது. எக்ஸ்பியில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7 அல்லது 8 ஏற்றினால் அதோடு சேர்ந்து நார்மலிஸ் டிஎல்எல்லும் வந்து உட்காரும். திறக்கிற எக்ஸ்பியில் யாரோ 8 போட்டிருப்பார்கள், மற்றதில் ஆறாம் பதிப்பே இருக்கும். போய்ப் பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. விண்டோஸ் பக்கம், வின்32-வின்என்டி என்றொரு மேக்ரோ உண்டு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் இப்போதைய மிங்கிடபிள்யூ அதை விண்டோஸ் 10-க்கான எண்ணில் வைத்துக்கொள்ளும். அதை ஹெக்ஸில் 0501 என்று வையுங்கள், அதுதான் எக்ஸ்பி. வின்வெர் என்ற மேக்ரோவையும் அதே எண்ணில் வையுங்கள். இனி கெட்டிக்கவுன்ட்64 என்று எழுதினால் அப்படி ஒரு பெயரே தெரியாது என்று கம்பைலர் நின்றுவிடும். பந்தலில் வர வேண்டிய பிழை உங்கள் வீட்டு மேசையிலேயே வந்துவிடும். முக்கியமான ஒன்று: உங்கள் கோடுக்கு மட்டும் போட்டால் போதாது. டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸின் கான்ஃபிகரை ஓட்டும்போது கம்பைலருக்கான குறிப்புகளைக் கொடுக்கும் சிபிபிஃபிளாக்ஸில் அதே மேக்ரோவைக் கொடுத்து அதையும் புதிதாகக் கட்டுங்கள்.

அங்கே ஹோஸ்ட், பில்ட் என்று இரண்டு சொல் வரும், எல்லோரும் குழம்புகிற இடம். ஆத்தங்குடிக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்து, கலர் ஊற்றி, சிமென்டு மணல் போட்டு வார்ப்பது ஆத்தங்குடிப் பட்டறையில். அதைப் பதித்து நடப்பது கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில். பில்ட் என்பது பட்டறை, உங்கள் உபுண்டு. ஹோஸ்ட் என்பது வளவு, சித்தப்பாவின் எக்ஸ்பி. அதனால் ஹோஸ்ட்டில் ஐ686 மிங்கிடபிள்யூ பெயரைக் கொடுக்க வேண்டும். இப்படிக் கட்டும்போது கான்ஃபிகரால் சோதனைப் புரோகிராமை ஓட்டிப் பார்க்க முடியாது, பட்டறையில் நின்றுகொண்டு வளவில் நடக்க முடியுமா? எதை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியுமோ அதற்கெல்லாம் ஒரு ஊகத்தை வைத்துக்கொள்ளும். கடைசியில் வரும் பட்டியலை ஒருதரம் கண்ணால் படியுங்கள், ஊகம் தப்பாக இருந்தால் கான்ஃபிகர் தன் பதிலை வைக்கும் கேஷ் வேரியபிளில் சரியான பதிலை நீங்களே கொடுத்துவிடலாம்.

இன்னொன்று. எக்ஸ்இக்குள் உங்கள் கோடு மட்டும் போவதில்லை, கம்பைலரின் சொந்த ரன்டைமும், அதாவது புரோகிராம் ஓடத் தேவையான துணைக் கோடும், கூடவே போகிறது. 2024-இல் கட்டிய ரன்டைமை யாரும் எக்ஸ்பியை மனதில் வைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள். அதனால் கம்பைலரையும் கொஞ்சம் பழையதாக எடுங்கள். டெபியன் 10 என்ற பழைய லினக்ஸில் வரும் மிங்கிடபிள்யூ போதும். உபுண்டுவுக்குள்ளேயே டெபூட்ஸ்ட்ராப் கொண்டு டெபியன் 10-ஐ ஒரு ஃபோல்டரில் இறக்கி, அந்த ஃபோல்டரையே தனி சிஸ்டம் போல ஆக்கும் சிஹெச்ரூட் செய்து அதற்குள் கட்டலாம். டைனமிக்காக எதையும் விடாமல் ஸ்டாட்டிக் கொடுத்து லிங்க் செய்துவிட்டால் ரன்டைம் டிஎல்எல்களைப் பின்னால் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

கட்டி முடித்ததும் நம்பிவிடாதீர்கள். எக்ஸ்இ மேல் ஆப்ஜ்டம்ப் ஹைபன் பி ஓட்டினால் அது எந்த டிஎல்எல்லில் எந்தெந்தப் பெயரைக் கேட்கிறது என்று முழுப் பட்டியல் வரும். உங்களிடம் இருப்பதிலேயே வெறுமையான எக்ஸ்பி எதுவோ, அதாவது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆறாம் பதிப்பு உள்ளது, அதிலிருந்து கெர்னல்32, யூசர்32 போன்ற டிஎல்எல்களை எடுத்து வந்து அவற்றின் மேலும் அதே கட்டளையை ஓட்டுங்கள். அவை என்னென்ன தருகின்றன என்ற பட்டியல் கிடைக்கும். கேட்பது எல்லாம் தருவதில் இருக்கிறதா? என் அப்பா பெரிய வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஐந்தொகை போடும்போது பற்றையும் வரவையும் விரலை வைத்து வைத்து ஒத்துப் பார்ப்பார். அந்த மாதிரிதான். இதை, பில்ட் படிகளை எழுதி வைக்கும் மேக்ஃபைலின் கடைசிப் படியாகவே எழுதிவிடுங்கள். ஒரு பெயர் இடித்தாலும் பில்ட் நிற்க வேண்டும்.

பாஸ் லினக்ஸுக்கு வருகிறேன். ஜிலிப்சி தன் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதிப்பு எண் ஒட்டி வைத்திருக்கும். புதுசில் லிங்க் செய்தால் புது எண் ஒட்டிக்கொள்ளும். 2021-இல் வந்த 2.34-இல் பித்ரெட் லைப்ரரியை லிப்சிக்குள்ளேயே சேர்த்தார்கள், புரோகிராம் தொடங்கும் இடத்துக்கும் புது எண் வந்தது. அதனால் உபுண்டு 24.04-இல் கட்டிய ஹலோ வேர்ல்ட் கூட உங்கள் தங்கை லேப்டாப்பில் திறக்காது. உங்கள் கோடில் ஒரு குற்றமும் இல்லை. பழையதில் கட்டியது புதுசில் ஓடும், புதுசில் கட்டியது பழையதில் ஓடாது. ஓட வேண்டியவற்றிலேயே எது மிகப் பழையதோ அதில் கட்டுங்கள். அந்த லேப்டாப்பில் எல்டிடி கட்டளையிடம் வெர்ஷன் கேட்டால் ஜிலிப்சி எண்ணைச் சொல்லும். டெபியன் 6-இல் இருப்பது 2.11. அநேகமாக அதற்குக் கீழே போக வேண்டியிருக்காது. டெபியனின் ஆர்க்கைவ் தளத்தில் இருந்து 32 பிட் டெபியன் 6-ஐ இறக்கி முன்போலவே சிஹெச்ரூட். சாவி காலாவதி என்று சொல்லும், கையொப்பச் சோதனையை விலக்கித்தான் இறக்க வேண்டும். டபிள்யூஎக்ஸ் 3.2-க்குப் பழைய சி++98 கம்பைலரே போதும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். உங்கள் கோடில் ஆட்டோ, லாம்டா என்று புதுசாக ஏதாவது இருந்தால் அதை மட்டும் மாற்றி எழுதுங்கள்.

நார்மலைஸ்ஸ்ட்ரிங்குக்கு என்ன செய்வது என்பதைத் தமிழ் எழுத்து தெரிந்த யாராவது சொன்னால் நல்லது.

கோனாபட்டு டிடிபி:

அதை நான் சொல்கிறேன் தம்பி. காரைக்குடியில் பத்திரிகை, பேனர் அடிக்கும் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன், எங்கள் ஊருக்கும் உங்கள் கோட்டையூர் வியாதிதான்.

தமிழுக்கு அந்த விண்டோஸ் ஃபங்ஷனே தேவையில்லை. இணைத்துப் பார்க்க வேண்டிய ஜோடி மொத்தம் நாலுதான். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்தால் ஒகரக் குறி. இரட்டைக் கொம்பும் காலும் சேர்ந்தால் ஓகாரக் குறி. ஒற்றைக் கொம்பும் ஔகார நீட்டலும் சேர்ந்தால் ஔகாரக் குறி. ஒ எழுத்தோடு அதே நீட்டல் சேர்ந்தால் ஔ. அவ்வளவுதான். பத்து வரியில் நீங்களே எழுதிவிடலாம், எந்த ஓஎஸ்ஸையும் கெஞ்ச வேண்டாம். பெயரைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் அதன் வழியாக அனுப்புங்கள். கோட்டையூர், கோவிலூர், கொத்தமங்கலம் எல்லாம் ஒன்றாகிவிடும்.

இரண்டு விஷயம் அதில் அடங்காது. ஸ்ரீ என்பதை ஸ வைத்தும் அடிக்கிறார்கள், ஶ வைத்தும் அடிக்கிறார்கள். ஶ யூனிகோடில் சேர்ந்ததே 2005-இல், 4.1 பதிப்பில். பழைய எக்ஸ்பியின் லதா எழுத்துருவில் அது இருக்காது, ஸ்ரீதர் என்ற பெயர் கட்டம் கட்டமாக வரும். அதை ஸ ஸ்ரீயாக மாற்றியே சேமியுங்கள். அடுத்தது கௌரி. கௌ அடிக்கத் தெரியாமல் கெ போட்டுப் பக்கத்தில் ள போடுகிறவர்கள்தான் பாதிப் பேர். அதைத் தானாக மாற்றாதீர்கள், கெளுத்தி என்று மீனே இருக்கிறது. தேடும்போது மட்டும் இரண்டையும் காட்டி, மேசையில் இருப்பவர் தேர்ந்தெடுக்கட்டும்.

நிர்மலா எழுத்துருவைக் கோடில் பெயர் சொல்லி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அது விண்டோஸ் 8-இல்தான் வந்தது, 7-இலும் எக்ஸ்பியிலும் இருப்பது லதா. எக்ஸ்பியில் ரீஜனல் செட்டிங்ஸில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்டுக்கான டிக் போட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு மெஷினிலும் பாருங்கள். போடவில்லை என்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். டிக் போட்டதும் எக்ஸ்பி சிடி கேட்கும். சிடியைத் தேடுவதை விருந்து நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

புதுவயல் மொய்மேசை:

ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது, என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

ஐயா சொன்ன மாதிரியே இரண்டாவது எக்ஸ்பியில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆறுதான் இருந்தது. நாற்பது இஃப்டெஃப்பையும் எடுத்துவிட்டேன். மேக்ரோவை 0501 ஆக்கியதும் கம்பைலர் என் கோடில் இன்னும் மூன்று இடத்தில் நின்றது. மூன்றும் நான் அதுவரை எக்ஸ்பியில் திறந்தே பார்க்காத திரைகள். ஒன்று ராத்திரி கணக்குச் சேர்க்கும் திரை. பந்தலில் மேசை எல்லாம் நன்றாக ஓடி, ராத்திரி பதினோரு மணிக்கு அங்கே நின்றிருக்கும். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

டெபியன் 10-இல் கட்டிய எக்ஸ்இ இரண்டு எக்ஸ்பியிலும், இரண்டு விண்டோஸ் 7-இலும் திறந்துவிட்டது. அக்காவின் நாலு ஜோடியை எழுதி, போன வருஷக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கோட்டையூர் நாற்பத்தொன்பது பேர், ஒரே இடத்தில்.

லினக்ஸ் பில்டில்தான் மாட்டிக்கொண்டேன். என் லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று டெபியன் 6-ஐ வீட்டில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில் இறக்கினேன். மேக் கொடுத்தால் கான்ஃபிகர் ஓடுகிறது, முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து கான்ஃபிகர் ஓடுகிறது. நடுவில் 'கிளாக் ஸ்க்யூ டிடெக்டட்' என்று ஒரு வரி. ஐந்து தடவை சுற்றியதும் நிறுத்திவிட்டேன்.

தேவகோட்டை ரஸ்தா:

தம்பி, அந்த டெஸ்க்டாப்பில் இன்றைய தேதி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 செல் செத்திருக்கும். கரண்ட் போனதும் தேதி எங்கோ பின்னால் ஓடிவிடும். மேக்குக்குத் தெரிந்த ஒரே நியாயம் நேரம்தான். எந்த ஃபைல் புதுசு, எது பழசு என்று பார்த்துத்தான் எதைத் திரும்பக் கட்டுவது என்று முடிவு செய்யும். உங்கள் சோர்ஸ் ஃபைல்கள் இந்த வருஷத்தவை, மெஷின் நிற்பது இருபது வருஷம் முன்னால். எதைக் கட்டினாலும் அது சோர்ஸைவிடப் பழசாகவே பிறக்கிறது. அது எப்படி ஓயும்?

செல்லை மாற்றி, தேதி வைத்து, பாதியில் நின்ற பில்டைத் தூக்கிப் போட்டுவிட்டு சோர்ஸைப் புதிதாகப் பிரித்து ஆரம்பியுங்கள். பென்டிரைவில் சோர்ஸைக் கொண்டுபோனால் தனித்தனி ஃபைலாகக் கொண்டுபோகாதீர்கள், ஒரே டார் பொதியாகக் கட்டிக் கொண்டுபோங்கள். ஃபேட்32 நேரத்தை இரண்டு விநாடிக் கணக்கில்தான் வைத்திருக்கும், எக்ஸிக்யூட் பெர்மிஷனும் தங்காது.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று வந்துவிட்டது. உங்கள் டெஸ்க்டாப் செல் செத்த மாதிரி, இரவல் லேப்டாப்புகளின் செல் எப்படி இருக்கிறது? ரசீதில் தேதி போடுகிறீர்களே. மேசை ஆறில் மொய் செய்தவர் கையில் 2002 என்று ரசீது போனால்? பில்ட் செய்த தேதியை எக்ஸ்இக்குள் வையுங்கள். திறந்ததும் மெஷின் தேதி அதற்கு முந்தியதாக இருந்தால் மொய் எழுத விடாமல், இன்றைய தேதியைக் கேட்கட்டும். பிறந்த நாளுக்கு முன்னால் ஒரு புரோகிராம் ஓட வழியே இல்லை, அதனால் இந்தச் சோதனை தப்பாகப் போகாது. எக்ஸ்பியா, லினக்ஸா என்று கேட்கவும் தேவையில்லை.

புதுவயல் மொய்மேசை:

செல் மாற்றினேன். அன்று சாயங்காலமே பில்ட் ஒரே ஓட்டத்தில் முடிந்தது. ஆப்ஜ்டம்ப்பில் பார்த்தால் ஜிலிப்சி எண் 2.11-ஐத் தாண்டவில்லை. தங்கை லேப்டாப்பில் திறந்தது, பொட்டுப் பிசகாமல் தமிழ் வந்தது. தேதிச் சோதனையையும் சேர்த்துவிட்டேன்.

நேற்று விருந்து முடிந்தது. எட்டு மேசை. காலையில் ஒவ்வொன்றாகத் திறந்தபோது ஏழு மேசை நேராகத் திறந்தது. ஆறாவது மேசை, மச்சானின் எக்ஸ்பி, தேதியைக் கேட்டு நின்றது. கீழே மூலையில் பார்த்தேன், 2004 ஜனவரி 1. தங்கை சுவர்க் காலண்டரைப் பார்த்து அன்றைய தேதியை அடித்துவிட்டு உட்கார்ந்தாள். மத்தியானம் ஜெனரேட்டர் இரண்டு தடவை மாறியது, யாரும் எழுந்திருக்கவில்லை.

ராத்திரி பதினொன்றரைக்கு எல்லாக் கணக்கும் சேர்ந்தது. புத்தகம் அச்சாகி வெளியே வந்தபோது மணி நாலு. அப்பா முதலில் கோட்டையூர் பக்கத்தைத்தான் திருப்பினார். எண்பத்தாறு பெயர், ஒரே தலைப்பு. விரலை வைத்துக் கடைசிப் பெயர் வரை படித்துவிட்டுத்தான் வீட்டுக்காரரிடம் கொடுத்தார்.